ஒரு ஜோடி பூட்ஸும் டூ ஆர் டையும்

யாராவது என் எதிரில் "டூ ஆர் டை" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். இப்போதெல்லாம் அதைச் சொல்லாத வாயே இல்லை. டிவியில் கிரிக்கெட் போட்டால் வாரத்துக்கு நாலு மேட்ச் டூ ஆர் டை. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் யூனிட் டெஸ்ட்டுக்குக்கூட டீச்சர்மார் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். இருபத்தைந்து மார்க் பரீட்சையில் யார் சாகப்போகிறார்கள், சொல்லுங்கள். என் மனைவியின் தம்பி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "இந்த வாரம் எங்க டீமுக்கு டூ ஆர் டை மாமா" என்று வெள்ளிக்கிழமை போனில் புலம்புவான். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எங்கள் வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பிரியாணி எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பான். செத்த மாதிரியும் தெரியாது, எதையோ செய்து முடித்த மாதிரியும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சுதந்திரப் போராட்டப் பாடத்தில் "செய் அல்லது செத்து மடி" என்று படித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே அதற்கு ஒரு கனம் இருந்தது. அதன் அர்த்தத்தை நான் அந்தப் பாடத்தில் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஃபுட்பால் கிரவுண்டின் கோட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நின்று தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு அந்த வார்த்தையைப் பழக்கிவிட்டவர் எங்கள் கோச். பிரேசர் டவுனில் எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு மண் கிரவுண்ட் இருந்தது. கோச் ஒரு காலத்தில் பேங்க் டீமுக்கு ஆடியவர். முட்டி போன பிறகு விசிலை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார். கூலி எதுவும் வாங்கமாட்டார், அதை மறுக்க முடியாது. ஆனால் அவருக்கு ஒவ்வொரு மேட்ச்சும் டூ ஆர் டைதான். பக்கத்துச் சந்துப் பையன்களோடு ஐந்து பேர் ஆடுகிற ஆட்டத்துக்கும் அப்படித்தான், லீக் மேட்ச்சுக்கும் அப்படித்தான். தோற்றால் யாரும் சாகவில்லை. கடையில் பரோட்டா தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம். அதனால் அந்த வார்த்தை எங்கள் வாயில் விளையாட்டாகிப்போனது. பஸ்ஸுக்கு ஓடினால் டூ ஆர் டை. பி.யூ.சி. பரீட்சைக்குப் போனாலும் டூ ஆர் டை. கடைசியில் என் அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. தண்ணீர் லாரி வருகிற நாளில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு டூ ஆர் டைடா, அந்த மூலைவீட்டுக்காரி முந்திக்கப் போறா" என்று கிளம்புவாள்.

அவன் எங்கள் எதிர்வீடு. அவன் என்றுதான் சொல்லப்போகிறேன், பேர் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் கூப்பிடாமலே தட்டோடு வந்து நிற்கிறவன். நடக்கக் கற்ற நாளிலிருந்து ஒன்றாக உதைத்தவர்கள் நாங்கள். அவனுக்கு இடது கால், எனக்கு வலது கால். அவன் இடது ஓரமாக ஓடுவான், நான் வலது ஓரமாக ஓடுவேன். பந்து நடுவில் எங்களுக்குள் போய்வந்துகொண்டிருக்கும். இன்னொரு ஒற்றுமையும் இருந்தது. இரண்டு பேருக்கும் பாதம் பெரிது, பத்தாம் நம்பர். கிரவுண்டில் எங்களைப் பார்த்தால் "படகு ரெண்டும் வந்துடுச்சுப்பா" என்று கத்துவார்கள்.

எங்களிடம் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கிற சந்தில், ஒரு பாய் கடையில், பாதிப் பாதி போட்டு வாங்கியது. "ஃபாரின் பிளேயர் போட்டதுப்பா, தோலைத் தொட்டுப் பாரு" என்று பாய் அளந்துவிட்டார். ஃபாரினோ என்னவோ, பத்தாம் நம்பர். அதைப் பங்கு பிரித்துக்கொண்டோம். இடது கால் பூட்ஸ் அவனுக்கு, வலது கால் பூட்ஸ் எனக்கு. உதைக்கிற காலுக்கு பூட்ஸ், மற்ற காலுக்குக் கிழிந்த கேன்வாஸ் ஷூ. எங்கள் மாதிரி பூட்ஸைப் பங்கு போட்டுக்கொண்ட ஜோடிகள் அந்தக் காலத்தில் கன்டோன்மென்ட் பக்கம் பல இருந்தார்கள். ஏரியா மேட்ச்சில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவனுடையது அவன் வீட்டுக்குப் போகும், என்னுடையது என் வீட்டுக்கு வரும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவிலும் சில நாள் மாற்றிக்கொள்வோம். அதற்காகவே லேஸை ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகத்தான் போடுவது. அதை யாரும் பேசி வைக்கவில்லை, தானாகப் பழகியது.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் எதற்காக இவ்வளவு கொதிக்கிறேன் என்று உங்களுக்கு விளங்காது. அவர் ஒரு பெரிய அரசாங்கக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். லாரியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. பெர்மனென்ட் ஆட்களுக்கு கம்பெனி பஸ் உண்டு. காலையில் எங்கள் தெருமுனையிலேயே வந்து நிற்கும். கான்ட்ராக்ட் ஆள் அதில் ஏறக்கூடாது. அதே கேட்டுக்குப் போகிற என் அப்பா, டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, அந்த பஸ் விடுகிற புகையில் சைக்கிள் மிதித்துப் போவார். பஸ் காலியாகப் போனாலும் ஏற்றமாட்டார்கள். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான்தான் தெருமுனையில் நின்று பார்த்துப் பல்லைக் கடிப்பேன். என் அப்பா உயிரோடு இருக்கும்போதே நான் அந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. நன்றாக ஆடுகிற பையன்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெர்மனென்ட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சர்க்கார் கம்பெனிகளில் ஆள் எடுப்பதே நிற்கப்போகிறது என்று டீக்கடையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் கோச் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "கம்பெனி டீமோட ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் வெச்சிருக்கேன், அவங்க கிரவுண்ட்ல. ஆபீசருங்க வந்து பார்க்கறாங்க. ஃபார்வர்டு ஒருத்தன், புடிச்சுப்போச்சுன்னா ரெண்டு பேர் எடுப்பாங்களாம். இதுக்கப்புறம் எடுக்கமாட்டாங்க. இது டூ ஆர் டைடா. நிஜமாவே." அந்த 'நிஜமாவே'வை அவர் அதற்கு முன் சேர்த்ததே இல்லை. எங்கள் சிரிப்பு நின்றுபோனது.

கம்பெனி கிரவுண்டில் ஒரு கால் பூட்ஸ், ஒரு கால் கேன்வாஸ் கதை நடக்காது. இரண்டு காலிலும் பூட்ஸ் இல்லாதவனை ரெஃப்ரி உள்ளே விடமாட்டார். டீமில் வேறு யாருக்கும் பத்தாம் நம்பர் இல்லை. முந்தின நாள் ஒவ்வொருவன் பூட்ஸாக வாங்கி நுழைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் குதிகால் வெளியே நின்றது. கடைசியில் கோச்தான் வழி சொன்னார். முதல் பாதி ஒருத்தன், இரண்டாம் பாதி ஒருத்தன். ஆபீசர்கள் இரண்டு பேரையும் பார்த்த மாதிரி ஆகும்.

"முதல்ல நீ ஆடுடா" என்றேன் நான். எதிராளிகள் ஓடிக் களைத்த பிறகு உள்ளே போனால் எனக்கு நல்லது என்று என் கணக்கு.

அவன் என் தோளில் கைபோட்டு, "டூ ஆர் டை மச்சி. போனா ரெண்டு பேருமா உள்ள போறோம். இல்லன்னா ரெண்டு பேருமே வேணாம்" என்றான். இதைச் சொன்னது அவன். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

மேட்ச் நாள் காலையில் என் வலது கால் பூட்ஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். எப்போதும் கிரவுண்டில் எதிரெதிரே உட்கார்ந்துதான் போட்டுக்கொள்வோம். அன்றைக்கு அவன், "நீ போய் வார்ம் அப் பண்ணு, நான் கட்டிக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். டென்ஷனாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

நன்றாகத்தான் ஆடினான். பொய் சொல்லக்கூடாது. இடது ஓரத்தில் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே வந்து, எனக்குப் பழக்கமான அந்த வளைந்த ஷாட்டை அடித்தான். கோல். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆபீசர்களில் ஒருவர் எழுந்து கை தட்டினார். கோட்டுக்கு வெளியே நான் பைத்தியம் மாதிரி குதித்தேன். என் பூட்ஸ் அல்லவா உள்ளே ஆடுகிறது, பாதிக் கோல் எனக்கு என்று பக்கத்தில் இருந்தவனிடம் பெருமையடித்தேன்.

பாதி ஆட்டத்துக்கு விசில் ஊதியதும் அந்த ஆபீசர் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டுப் பேர் கேட்டார். கேட்டுவிட்டு முதுகில் தட்டினார். அவன் திரும்பி வந்து, எங்களோடு உட்காராமல் கொஞ்சம் தள்ளி, எலுமிச்சை ஜூஸ் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் எதிரில் போய் மண்டிபோட்டேன்.

"குடுடா, டைம் ஆவுது."

அவன் ஜூஸ் குடித்துக்கொண்டே இருந்தான். நானே லேஸில் கை வைத்தேன். இழுத்தால் வரவில்லை. லேஸ் அடியைச் சுற்றி, கணுக்காலைச் சுற்றி, இரட்டை முடிச்சாக விழுந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். வேர்வையில் நனைந்து இறுகியிருந்தது. அப்போது அவன் காலை இழுத்துக்கொண்டான். மெதுவாகத்தான் இழுத்தான், நாய் மோந்து பார்த்தால் இழுத்துக்கொள்வோமே, அப்படி.

"ஒரு பத்து நிமிஷம் மச்சி" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ரிதம்ல இருக்கேன். பத்து நிமிஷம் ஆடிட்டுக் கழட்டித் தந்துடறேன்."

நான் கோச்சைப் பார்த்தேன். "அண்ணா, அவன் பூட்ஸ் குடுக்கமாட்றான், நீங்க சொல்லுங்க."

கோச் ஆபீசர்கள் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "அவனைப் புடிச்சுப்போச்சுடா அவங்களுக்கு. இப்ப மாத்தினா ரெண்டும் போயிடும். ஒருத்தனாவது உள்ள போகட்டும்."

"அப்ப நான்?"

"டூ ஆர் டைன்னா இதுதாண்டா" என்றார். இத்தனை வருஷமாகத் தெண்ட மேட்ச்சுக்கெல்லாம் அந்த வார்த்தையை வீசிக்கொண்டிருந்த மனுஷன், முதல் தடவையாக அர்த்தத்தோடு சொன்னார். சொன்னது என்னிடம்.

விசில் ஊதி எல்லாரும் உள்ளே ஓடினார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுங்காலோடு ரெஃப்ரியிடம் ஓடினேன். இப்படியே ஆடுகிறேன், யார் பூட்ஸ் ஸ்டட்டால் மிதித்தாலும் என் பொறுப்பு என்று கன்னடத்தில் கெஞ்சினேன். அவர் என் காலைப் பார்த்தார். "ஹோகப்பா, ஷூ ஹாக்கொண்டு பா" என்று கோட்டைக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஷூ போட்டுக்கொண்டு வா என்றுதானே சொன்னார். என் ஷூ அவருக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிகிறவரை அங்கேயே நின்றேன். மானங்கெட்ட மனசு, பத்து நிமிஷம் என்றானே, வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் நான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. பந்து என் காலடியில் வந்து விழுந்தபோதுகூட, த்ரோ போட வேறொருவனை அனுப்பினான். மேட்ச் முடிந்ததும் நான் யாரோடும் பேசாமல் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மேட்ச் எப்படி என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு, "பூட்ஸ் எங்கடா?" என்றார். நான் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

எடுத்தது ஒருவனை. யார் என்று சொல்லத் தேவையில்லை. சந்தே கொண்டாடியது. அவன் அம்மா வீடு வீடாக லட்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் தொடவில்லை, அம்மா சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் மட்டும் வரவில்லை. எதிர்வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர அவனுக்கு வழி தெரியாமல் போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவன் அம்மா நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் பூட்ஸ். இரண்டு காலும். "அவனுக்குக் கம்பெனில புதுசு குடுத்துட்டாங்களாம் கண்ணு. ரெண்டையும் நீயே வெச்சுக்குவியாம்" என்றார். பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடு சொன்னார். எனக்கு அப்படியே அதைத் தூக்கி எதிர்வீட்டுக் கூரையில் எறியலாம் போல இருந்தது. வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். ஆட ஒரு மேட்ச்சும் இல்லாதபோது என் கையில் முழு ஜோடி வந்து சேர்ந்தது. பின்னால் அம்மா அதைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டாள்.

காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும். அவன் தலையை வாரிக்கொண்டு, கழுத்தில் ஐடி கார்டோடு போய் ஏறுவான். ஜன்னலோரம் உட்காருவான். பின்னாலேயே என் அப்பா சைக்கிள் மிதிப்பார். அப்பா ஒரு தரம் பஸ்ஸுக்குக் கையசைத்ததைப் பார்த்தேன். நம்ம சந்துப் பையன் என்ற சந்தோஷம் அவருக்கு. அன்றிலிருந்து அந்த நேரத்தில் நான் வெளியே வருவதை விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த வருஷமே கம்பெனி ஆட்டக்காரர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. அப்பா கான்ட்ராக்ட் ஆளாகவே ஓய்வு பெற்றார், கான்ட்ராக்ட் ஆளுக்கு ஓய்வு என்று ஒன்று உண்டென்றால்.

டூ ஆர் டை என்ற வார்த்தையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சொல்கிறவர்கள் எல்லாரும் இரண்டும் ஒரே ஆளுக்கு என்று நினைக்கிறார்கள். செய்தாலும் நான், செத்தாலும் நான் என்று மார்தட்டுகிறார்கள். எங்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. பூட்ஸைப் பிரித்துக்கொண்ட மாதிரி அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். முதல் பாதி அவனுக்கு, இரண்டாம் பாதி எனக்கு.

நான் ஆடுகோடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிரவுண்ட் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். பந்துக்குக் காற்றடிப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. கோபம் கொஞ்சம் ஆறியது. ரிதத்தில் இருந்தவனை எழுப்பிவிட யாரால் முடியும், ஆபீசர் முதுகில் தட்டிய நேரத்தில் மனசு சபலப்பட்டுவிட்டது, நானாக இருந்தாலும் என்ன செய்திருப்பேனோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பழகிக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் அந்தப் பழைய நாட்களையாவது என்னால் வைத்துக்கொள்ள முடிந்தது.

பல வருஷம் கழித்து, எங்கள் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேக்குச் சீஃப் கெஸ்ட்டாக அவன் வந்தான். கம்பெனி டீமுக்கு கேப்டனாக இருந்தவன், பொம்மனஹள்ளியில் சொந்த வீடு கட்டியவன், தொப்பை வேறு. நான் சுண்ணாம்பு வாளியோடு கோல் போஸ்ட் பக்கம் நின்றிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பிடித்துத் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிப் பேசினான்.

"பசங்களா, செலக்ஷன் அன்னிக்கு என்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஜோடி பழைய பூட்ஸ். அதை விட்டா ஒண்ணும் இல்ல. டூ ஆர் டைன்னு சொல்லிட்டு அதை மாட்டிக்கினு இறங்கினேன். அதான் இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கறேன்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரே ஒரு ஜோடியாம். என்கிட்டயாம். அதில் பாதி பூட்ஸுக்குச் சொந்தக்காரன் அந்தக் கதையிலேயே இல்லை.

இறங்கி வரும்போது என்னைப் பார்த்துவிட்டான். முகம் ஒரு நொடி மாறி, உடனே சிரித்தது. "டேய், நீ இங்கியா இருக்கே?" என்று தோளில் கைபோட்டான். பக்கத்தில் நின்ற பிரின்சிபாலிடம், "எங்க சந்துப் பையன் சார். இவனும் அப்போ கொஞ்சம் ஆடுவான்" என்றான். அவர் தலையாட்டிவிட்டு டீ சொல்லப் போனார்.

"ஒரே ஜோடியாடா?" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "சின்னப் பசங்களுக்கு ஒரு கதை மாதிரி சொன்னேன் மச்சி. இன்னும் அதையே புடிச்சிக்கினு இருக்கியா? அன்னிக்கு நான் ஒண்ணும் பிளான் பண்ணலடா. ஆபீசர் கூப்பிட்டுப் பேர் கேட்டாரு, ரிதம்ல இருந்தேன், கோச் வேற மாத்த வேணாம்னுட்டாரு. அந்த நிமிஷத்துல அப்படி ஆயிடுச்சு. சத்தியமா."

இத்தனை வருஷம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே சமாதானம். அவன் வாயால் கேட்டபோதுதான், சுண்ணாம்பு ஒட்டியிருந்த என் நகத்தைப் பார்த்தபோதுதான், எனக்கு அந்த முடிச்சு ஞாபகம் வந்தது.

"லேஸை நீ எப்ப கட்டினே?" என்று கேட்டேன்.

"என்னது?"

"ஆபீசர் பேர் கேக்கறதுக்கு முன்னாடி. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கே முன்னாடி. மரத்துக்குப் பின்னாடி போய் உக்காந்து கட்டினியே. அடியில சுத்தி, கணுக்கால்ல சுத்தி, ரெட்டை முடிச்சு. பாதியில கழட்டிக் குடுக்கப்போறவன் அப்படிக் கட்டுவானாடா?"

இல்லடா என்று ஒரு பொய்யாவது சொல்வான் என்று காத்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான்.